மைனஸ் இருபது

மாதாந்திரப் பராமரிப்பென்று
நாகமலைப் பக்கம் மின்சாரம் போன சனிக்கிழமை
ஜெனரேட்டரில் டீசலும் இல்லை.
ஃப்ரீசரைக் காலி செய்தே ஆகவேண்டும்.

உள்ளே நான்கு விரற்கடைப் பனி.
ஒச்சம்மாளக்கா தோசைக்கரண்டியால் சுரண்டினார்
(ஆய்வகத்துக்கென்றே வாங்கிய கரண்டி,
அதற்கும் மூன்று கொட்டேஷன்).

பனிக்குள்ளிருந்து ஒரு நொதிக் குப்பி வந்தது.
பிறகு அதே நொதி.
பிறகும் அதே.
ஏழு.

செந்தட்டி, அமலோற்பவம், ரபீக் ராஜா,
முனைவராகிக் கொரியா போனவர்,
பாதியில் விட்டு வங்கித் தேர்வு எழுதியவர்,
மை கரைந்து பெயரற்றுப் போன ஒருவர்.
ஏழாவது கையெழுத்து என்னுடையது.
அதைத் திறக்கவேயில்லை.

ஒவ்வொன்றும் பெங்களூரிலிருந்து
தனித்தனித் தெர்மாகோல் பெட்டியில் வந்தது.
பெட்டிக்குள் நான்கு ஐஸ் பொதி,
பொதி நடுவே கவர், கவருக்குள் குழாய்,
குழாயின் அடியில் இருபது மைக்ரோலிட்டர்,
ஒரு சொட்டில் பாதிகூட இல்லை.

காலிப் பெட்டிகள் படிக்கட்டின் கீழே
கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.
போன மாதம் ஆறு பெட்டிகளை
மாட்டுத்தாவணிப் பூக்கடைக்குச் சுமந்துபோனேன்,
மல்லிகை விமானமேறுவது இதே மாதிரிப் பெட்டியில்தானே.
கடைக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.
"மருந்து வாடை அடிக்குதேம்மா, பூவுல ஏறிரும்."
போகும்போது விட்டுவிட்ட கண்டக்டர்
திரும்பும்போது லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

அந்தப் பெட்டிகளில்தான் இன்று
ஃப்ரீசரின் சரக்கை அடைத்தோம்,
நரிமேட்டில் வாங்கிய ஐஸ்கட்டி போட்டு.

துவாரகநாத் சாரிடம் ஏழையும் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மார்ச்சுக்குள்ள செலவழிக்காத காசு திரும்பிப் போயிரும்."
போகட்டுமே சார்.
"போனா அடுத்த வருஷம் வராதும்மா."
அவர் சொன்னது பொய்யில்லை.
அந்தப் பயத்தில்தான் அலமாரி நிறைய
பிப்பெட் முனைகள் வாங்கி வைத்திருக்கிறோம்.
ஒரு தரம் தொட்டு, ஒரு தரம் விட்டு,
சிவப்புப் பைக்குள் எறிகிற முனைகள்.

பை என்ன எடை என்று யாரும் கேட்டதில்லை.
ஆட்டோகிளேவிலிருந்து வெந்து இறங்கியதும்
ஒச்சம்மாளக்கா கொக்கித் தராசில் தூக்கினார்.
ஒரு ஆய்வகம், ஒரு வாரம்,
பதினான்கு கிலோ முன்னூறு.
"எங்க வீட்டுல ஒரு வாரத்துக்கு அரிசியே இம்புட்டு ஆகாது."

அந்த வாக்கியத்துக்குப் பிறகு
நான் சொல்ல வைத்திருந்தது எல்லாம்
பவர்பாயிண்ட் மாதிரி இருந்தது.

ஒரு நீள நோட்டு வாங்கினேன்.
சணல் கயிற்றால் ஃப்ரீசர் கைப்பிடியில் கட்டினேன்.
என்ன, எவ்வளவு, யாருடையது, எப்போது திறந்தது.
ஆறு ஆய்வகமும் புதன்கிழமை சேர்ந்து கேட்கும்,
ஒரே பெட்டி வரும் என்று முடிவு.
இரண்டு ஆய்வகம் கையெழுத்துப் போட்டது.
மூன்றாவது, யோசிப்பதாகச் சொன்னது.
மற்றவை கதவைத் திறக்கவில்லை.

வடிநீர்க் கருவியின் குழாயடியில்
அக்கா தானாகவே ஒரு வாளி வைத்திருந்தார்.
நான்கு லிட்டர் வடிக்க
நாற்பது லிட்டர் சாக்கடைக்குப் போகிறதாம்.
வைகைப் பாலத்தில் தினமும் மணலைப் பார்த்தபடி
பஸ்ஸில் வருகிற எனக்கு
அந்த வாளி தோன்றவில்லை.

ஐந்தரைக்கு மின்சாரம் வந்தது.
என் குப்பியின் காலாவதி போன ஆகஸ்டோடு சரி.
இருந்தாலும் ஒரு ஜெல் ஓட்டிப் பார்த்தேன்.
இருட்டறையில் பட்டை தெரிந்தது,
கொஞ்சம் மங்கல், ஆனால் இடம் மாறாமல்.
நோட்டில் என் பெயருக்கு நேரே எழுதினேன்:
வேலை செய்கிறது.

திங்கட்கிழமை இண்டென்ட் படிவம் வந்தது.
அளவு, விலை, அவசரம் என்று கட்டங்கள்.
குறுக்கே "தேவையில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.
"அதுக்குக் கட்டம் கிடையாதேம்மா" என்றார் துவாரகநாத் சார்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு மேசை டிராயரைத் திறந்து
அடிக்கோலைத் தேட ஆரம்பித்தார்.